த/பெ மாரப்பன்

இரண்டு ஆதார் நகல்களையும் மேஜைமேல் அருகருகே வைத்துப் பார்த்த வீட்டுக்காரர் வெள்ளியங்கிரியின் முகம் சட்டென்று இளகியது. "அட, ரெண்டு பேருக்கும் அப்பா மாரப்பனுங்களா. கூடப்பொறந்தவருதான் வர்றாருன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்குங்க இத்தன கேள்வி கேக்கப் போறேன்" என்றார். சென்னியப்பன் இல்லை என்று சொல்வதற்காக வாயைத் திறந்தார். திறந்ததுதான் மிச்சம். பத்திரம் எழுதும் நாச்சிமுத்து, கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, அண்ணனா தம்பியா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் நகல்களில் பிறந்த வருடத்தைப் பார்த்து, தானாகவே அண்ணன் என்று தட்டி முடித்துவிட்டார். ஜாமீன்தாரர் என்ற இடத்துக்குக் கீழே சென்னியப்பனுக்கு ஒரு தங்கை பிறந்தாள். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. கம்ப்யூட்டர் கறுத்தது, மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி இரண்டு சுற்று சோம்பலாகச் சுற்றி நின்றது, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் இருந்த அத்தனை ஜெராக்ஸ் கடைகளும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. வந்ததும் படிச்சுக் காட்டிட்டு பத்திரத்துல எடுத்துடலாமுங்க, பத்து நிமிசம் உக்காருங்க என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து டீ குடிக்கப் போனார். வெள்ளியங்கிரி, போன் பேச வாசலுக்குப் போனார். கடைக்குள் சென்னியப்பனும், பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் வசந்தாமணியும் மட்டும் இருந்தார்கள். அண்ணனும் தங்கையும்.

இப்போது சொல்லிவிடலாம். எழுந்து வாசலுக்குப் போய், ஏனுங்க, ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சுங்க, நான் இவங்க அண்ணன் இல்லீங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவனுங்க, எங்கப்பா பேரும் மாரப்பன், அவ்வளவுதானுங்க என்று சொன்னால் முடிந்தது. வார்த்தைகளை வரிசையாக அடுக்கியும் பார்த்தார். அடுக்குவதில் சென்னியப்பன் கெட்டிக்காரர். பம்ப்செட் கம்பெனியின் அனுப்புகைப் பிரிவில் இருபது வருடமாகப் பெட்டிகளை அடுக்கி லாரி ஏற்றுகிறவர். அடுக்கியதை வெளியே அனுப்புவதுதான் இந்த விஷயத்தில் மட்டும் அவருக்கு வராது. சொன்னால் என்ன ஆகும்? அப்ப நீங்க யாருங்க என்று வெள்ளியங்கிரி கேட்பார். நியாயமான கேள்வி. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், சிங்காநல்லூரில் வீடு, கீழே குடும்பம், மேலே காலி மாடி. தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு அதை வாடகைக்கு விடுவதற்கு அவருடைய சம்சாரம் சம்மதிக்கவே ஒரு வாரம் ஆனதாம். ஆம்பளை யாராவது ஒருத்தர் ஜாமீன் போடோணும், அப்பன், அண்ணன், தம்பி, யாரா இருந்தாலும் சரி என்று போனிலேயே சொல்லியிருக்கிறார். வசந்தாமணிக்கு அப்பா இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. எங்க ஆபீஸ்ல இருக்கறவர் ஒருத்தர் வருவாருங்க என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். ஆபீஸ்காரன் எதுக்குங்க ஜாமீன் போடறான் என்ற யோசனை, காலையில் இவரைப் பார்த்தவுடன் அந்த ஆளின் நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தது. சொந்த ஊர் எதுங்க, எந்தப் பக்கமுங்க, குலதெய்வம் எங்கீங்க என்று சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு அந்த இரண்டு நகல்களைப் பார்த்தார். எல்லாக் கேள்விக்கும் ஒரே பதிலாக மாரப்பன் வந்து உட்கார்ந்துவிட்டார்.

எந்த மாரப்பன்? சென்னியப்பனின் மாரப்பன் தாராபுரத்தில் பஸ் கண்டக்டர். விரல் இடுக்கில் நோட்டுகளை நீளவாக்கில் மடித்துச் செருகிக்கொண்டு, வீட்டிலும் அதே குரலில், உள்ள போ, உள்ள போ என்று பிள்ளைகளை அதட்டியவர். வசந்தாமணியின் மாரப்பன் கோபிச்செட்டிபாளையத்தில் மஞ்சள் மண்டியில் எடை போட்டவர். சாகும்வரை உள்ளங்கை மஞ்சளாகவே இருந்ததாம், அவளே ஒருமுறை டிபன் பாக்ஸைத் திறந்தபடி சொன்னாள். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் இரண்டு மாரப்பன்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருப்பார்களா என்பது சந்தேகம். அந்தச் சந்தேகமும் சென்னியப்பனின் வாயை இத்தனை வருடம் அடைத்த கற்களில் ஒன்றுதான். இப்போது பாருங்கள், இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கி, ஒரே ஆளுக்கு இரண்டு ஊரில் இரண்டு குடும்பம் வைத்துக் கொடுத்துவிட்டார் நாச்சிமுத்து. இரண்டு அம்மாக்களும் இதைக் கேட்டிருந்தால் கண்டக்டரும் எடை போட்டவரும் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நினைத்ததும் சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதி வழியில் நின்றது. பக்கத்தில் அவள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். புழுக்கம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெயில். அவளாவது சொல்லியிருக்கலாமே. வெள்ளியங்கிரி அதைச் சொன்ன நொடியில் அவள் இவர் பக்கம் திரும்பினாள். திரும்பியது நிஜம். எதற்காகத் திரும்பினாள்? நீங்க சொல்லுங்க என்றா, சொல்லாதீங்க என்றா? வசந்தாமணியின் பார்வையைச் சென்னியப்பன் எத்தனையோ வருடமாகப் படிக்கிறார், இன்னும் பாஸாகவில்லை. ஆபீஸில் எதிரெதிர் மேஜை. நடுவில் ஒரு மின்விசிறி, அவளுக்குச் சளி பிடித்தால் இவர் நிறுத்துவார், இவருக்கு வேர்த்தால் அவள் போடுவாள். வியாழக்கிழமை பாகற்காய். எப்போதோ ஒருநாள், நல்லாருக்கே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வியாழன்தோறும் ஒரு சின்ன டப்பா தனியாக வருகிறது. சென்னியப்பனுக்குப் பாகற்காய் கொஞ்சமும் பிடிக்காது. ஒரு துண்டு மிச்சம் வைத்ததில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆதாரம் ஒன்று இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். கோயம்புத்தூரில் அண்ணா இல்லாத ஆண் கிடையாது. காய்கறிக்காரர் அண்ணா, கண்டக்டர் அண்ணா, ஆட்டோக்காரர் அண்ணா, வழி கேட்டாலும் ஏனுங்ணா, வழி விடச் சொன்னாலும் கொஞ்சம் தள்ளுங்ணா. தாடி முளைக்காத பையனிலிருந்து தடி ஊன்றிய தாத்தாவரை ஊரே அண்ணன். கம்பெனியிலும் வசந்தாமணிக்கு ஸ்டோர்ஸ் கருப்புசாமி அண்ணா, டிரைவர் அண்ணா, கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி இவளைவிடச் சின்னவர், அவரும் அண்ணா. சென்னியப்பன் மட்டும் சார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து சார். அந்த ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து தன்னை நோக்கி வராததை அவர் முதலில் மரியாதை என்று நினைத்தார், அப்புறம் தூரம் என்று நினைத்தார், அப்புறம் ஒரு நாள் ராத்திரி படுத்திருக்கும்போது திடுக்கென்று வேறு ஒன்றாக நினைத்தார். ஊரில் ஒருத்தனை மட்டும் அண்ணன் என்று கூப்பிடாமல் இருக்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அன்றிலிருந்து காவல் காத்தார். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பயம், இன்றைக்கு வந்துவிடுமோ என்று. வரவில்லை. தீபாவளிக்கு இனிப்பு நீட்டும்போது வரவில்லை, அவளுடைய அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று பதறிப்போய்ப் போன் செய்தபோதும், சார், கொஞ்சம் வர முடியுங்களா என்றுதான் வந்தது. அந்தப் பதற்றத்தில்கூட அண்ணா என்று வரவில்லையே என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சந்தோஷப்பட்ட மனுசன் அவர். அதற்காக வெட்கமும் பட்டார். இந்த ஒன்றை வைத்துத்தான் இவ்வளவு காலமும் வீடு கட்டிக் குடியிருந்தார். வேறு கல் இல்லை, வேறு மண் இல்லை. இப்போது அதையும் நாச்சிமுத்து எடுத்துப் பத்திரத்தில் போடப் போகிறார்.

கேட்டிருக்கலாம். அவளுடைய அம்மா போன துக்கம் ஆறட்டும் என்று காத்தார். ஆறியபோது வருடக் கணக்கு முடிக்கும் மாதம், அவள் கணக்குப் பிரிவு, தலைக்கு மேல் வேலை. அது முடிந்தபோது ஆடி. ஆடியில் யாராவது இதைப் பேசுவார்களா? ஆவணியில் இவருக்கே அம்மை போட்டது. அப்புறம் தலையில் நரை கூடிப்போனதைக் கண்ணாடி சொன்னது, இனிமேல் போய் என்னத்தை என்று ஒரு வருடம், இனிமேலாவது என்று ஒரு வருடம். கேட்டு அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் எதிர் மேஜை போய்விடும். அதுதான் அடியில் கிடந்த பயம். எதிர் மேஜையில் அவள் உட்கார்ந்திருப்பாள், ஆனால் மேஜை போய்விடும். திங்கட்கிழமை அவளாக வந்து, சார், வீடு ஒண்ணு பாத்திருக்கறேன், ஒரு கையெழுத்து போடோணும், வர்றீங்களா என்று கேட்டபோது, எதற்கு என்றுகூடக் கேட்காமல் சரி என்றார். அவள் இருக்கும் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். மாதம் முடிவதற்குள் காலி செய்தாக வேண்டும். ஏழெட்டு வீடு பார்த்துவிட்டாள், எல்லாரும் முதலில் கேட்டது கூட யார் இருப்பாங்க என்பதைத்தான். ஒரு இடத்தில் அட்வான்ஸ் கொடுக்கப் போன அன்று கதவைத் திறக்கவே இல்லையாம். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். ஜாமீன் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். வாடகைதாரர் கொடுக்கத் தவறினாலும், சேதம் செய்தாலும், சொல்லாமல் காலி செய்தாலும், அத்தனைக்கும் மேற்படி ஜாமீன்தாரரே முழுப் பொறுப்பு. தன் சொந்த அண்ணன் மகன் கேட்டிருந்தால்கூட நழுவியிருப்பார். இதற்கு, சட்டையை இஸ்திரி போட்டு, தலையை இரண்டு முறை சீவிக்கொண்டு வந்தார். இவளுக்கு நான் பொறுப்பு என்று எங்கேயாவது ஒரு இடத்தில், யார் முன்னாலாவது எழுதிக் கையெழுத்து போடக் கிடைக்கிறதே. காலையில் ஸ்கூட்டரில் வரும்போது அந்த நினைப்பு எவ்வளவு இனிப்பாக இருந்தது.

போனது போகட்டும், பதினோரு மாதம்தானே என்றும் ஒரு யோசனை ஓடியது. வாடகைப் பத்திரம் எல்லாமே பதினோரு மாதத்துக்குத்தான். ஒப்பந்தம் காலாவதியாகும்போது அண்ணன் பதவியும் காலாவதியாகுமா, அல்லது இரு தரப்பும் சம்மதித்தால் மேலும் பதினோரு மாதம் நீட்டித்துக்கொள்ளலாம் என்ற வரி அண்ணனையும் சேர்த்து நீட்டிக்குமா? நாச்சிமுத்துவிடம் கேட்டால் தெரிந்தவர் போலச் சொல்லுவார். கரண்ட் போனபோது அவர் எதையும் சேமித்து வைக்கவில்லை என்றால்? இவ்வளவும் அழிந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம். எவ்வளவு நல்ல ஏற்பாடு. ஆனால் சொன்னால் வீடு? வாசலில் வெள்ளியங்கிரி போனில் சம்சாரத்திடம் சத்தமாகச் சொல்வது உள்ளே கேட்டது. அண்ணன்காரரே வந்துட்டாரு சாமி, தங்கமான மனுசனாத் தெரியறாரு, நீ மேல கூட்டி வெச்சிரு. கூட்டி வைக்கச் சொல்லியாயிற்று. யாரோ ஒரு அம்மாள் இந்நேரம் துடைப்பத்தோடு மாடி ஏறிக்கொண்டிருப்பாள். வசந்தாமணியும் அதைக் கேட்டாள். அவளுடைய தோள்கள் மெல்லக் கீழே இறங்கின. இத்தனை நாளும் அவை உயர்ந்தே இருந்தன என்பது இறங்கியபோதுதான் சென்னியப்பனுக்குத் தெரிந்தது. வெந்நீர் வெக்கறதுக்குத் தனியா கனெக்சன் இருக்குதாம் சார் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். சார். இன்னும் சார்தான். நல்லதுங்க என்றார். அப்புறம் இரண்டு பேரும் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த முத்திரைக் கட்டண விவரத்தைப் படித்தார்கள். நீங்கள் அண்ணன் இல்லையே, ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கலாம். நீ ஏன் சொல்லவில்லை என்று இவர் கேட்கலாம். கடையில் வேறு ஆள் இல்லை, இதைவிட வசதியான இடம் இனிமேல் வாய்க்கப் போவதில்லை. சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். அவள் திரும்பினாள். வெயில் ரொம்ப ஜாஸ்திங்க என்றார். ஆமாங்க சார் என்றாள். கரண்ட் வந்துவிட்டது.

நாச்சிமுத்து சேமித்து வைத்திருந்தார். அந்த மாதிரி ஆட்கள் எல்லாவற்றையும் சேமித்து வைத்திருப்பார்கள். முத்திரைத்தாளில் எடுத்த பிறகு பிழை வந்தால் தாள் வீண் என்பதால், முதலில் முழுக்கப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். ராகம் போட்டுப் படித்தார். வெள்ளியங்கிரி தலையாட்டிக்கொண்டே கேட்டார். வசந்தாமணி நாற்காலியின் நுனிக்கு வந்து, ஒரு விரலை மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டு, கணக்கு சரிபார்க்கும் அதே முகத்தோடு கேட்டாள். அந்த முகத்துக்குத் தப்பித்துப் போன பிழை கம்பெனியில் இதுவரை எதுவும் இல்லை. முதல் பத்தியிலேயே நிறுத்தினாள். என் பேருல தாவுக்குக் கால் விட்டுப்போச்சுங்க என்றாள். நாச்சிமுத்து திருத்தினார். கதவு எண்ணில் பின்னம் தப்பு என்றாள், வெள்ளியங்கிரியே ஆமாங்க என்று ஒப்புக்கொண்டார். தண்ணீர் மோட்டார் போடும் நேரம் என்ற இடத்தில், காலையில் மட்டும்னு இருக்குதுங்க, சாயந்தரமும் உண்டுன்னு சொன்னீங்களே என்றாள். அதுவும் சேர்ந்தது. சென்னியப்பன் வரிகளை எண்ணாமல் எண்ணினார். ஜாமீன் பத்தி கடைசியில் வரும். இவ்வளவு பார்க்கிறவள் அதைப் பார்க்காமலா போவாள்? நான் வாய் செத்தவன், சரி. அவள் அப்படியல்ல. ஒரு கால் விட்டுப்போனதைப் பொறுக்காதவள், ஒரு மனுசன் மொத்தமாக மாறிப்போனதைப் பொறுப்பாளா? பொறுக்கவில்லை என்றால் வீடு போகும், தோள் மறுபடி உயரும், மாதக் கடைசியில் சாமான்களோடு அவள் எங்கே போவாள்? பொறுத்துவிட்டால்? நாச்சிமுத்துவின் ராகம் அங்கே வந்து சேர்ந்தது. மேற்படி வாடகைதாரரின் உடன்பிறந்த மூத்த சகோதரரும், மாரப்பன் அவர்களின் குமாரருமான சென்னியப்பன் ஆகிய நான். மூச்சு வாங்க நிறுத்தினார். வசந்தாமணி, ஒரு நிமிசமுங்க என்றாள்.

சென்னியப்பன் மனசுக்குள் கெஞ்சினார். சொல்லிவிடு. வீடு போனால் போகட்டும், வேறு வீடு பார்ப்போம், ஊர் முழுக்க ஏறி இறங்குவோம், என் வீடே இருக்கிறது, மூன்று அறை, இரண்டு அறை பூட்டியே கிடக்கிறது, சொல்லிவிடு வசந்தாமணி. அவள் மேஜையை விட்டு விரலை எடுத்தாள். இவரைப் பார்த்தாள். ஒரு சாதாரணப் பார்வை என்று சொல்லத்தக்க அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். இவர் முத்திரைக் கட்டண விவரத்தைப் பார்த்தார். "சென்னியப்பனுக்கு ரெண்டு சுழி ன போட்டிருக்கீங்களான்னு பாருங்க. நெறைய பேர் மூணு சுழி போட்டுடறாங்க" என்றாள். போட்டிருக்கறனுங்க என்றார் நாச்சிமுத்து. அப்ப சரீங்க என்றாள். தாள் மிஷினுக்குள் போய் வெதுவெதுப்பாக வெளியே வந்தது. வெள்ளியங்கிரி போட்டார், அவள் போட்டாள், பேனா இவர் கைக்கு வந்தது. மா. சென்னியப்பன். இவ்வளவு நன்றாக அவர் கையெழுத்து எப்போதும் வந்ததில்லை.

அதோடு விட்டிருக்கலாம் வெள்ளியங்கிரி. வேலை முடிந்த திருப்தி, ஒரு அண்ணனும் தங்கையும் எதிரில் நிற்கிறார்கள், வயதில் பெரியவர், நாலு நல்ல வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. சாவிக்கொத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே, "நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. தங்கச்சிக்கு வயசு ஆகிட்டே போகுதில்லீங்களா. கூடப்பொறந்தவரு நீங்கதான் ஒரு நல்ல எடமாப் பாத்து முடிச்சு வெக்கோணும். பாக்கறீங்களா இல்லீங்களா?" என்று கேட்டார்.

சென்னியப்பன் பேனாவை மூடியோடு சேர்த்தார். "பாத்துட்டேதானுங்க இருக்கறேன்" என்றார். யோசித்துச் சொல்லவில்லை. இவ்வளவு காலம் அடுக்கி வைத்ததில் அந்த ஒன்று மட்டும் அவரைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

"பாத்துட்டே இருந்தா ஆகுமுங்களா?" என்று வெள்ளியங்கிரி சிரித்தார். "வாயத் தொறந்து கேக்கோணுமில்லீங்க."

வசந்தாமணி பத்திரத்தை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பை நகத்தால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாள். "அவருக்குக் கேக்க வராதுங்க" என்றாள், யாரையும் பார்க்காமல். சாவியை வாங்கக் கையை நீட்டினாள்.